கொடுத்த பெட்டிகள் பதினான்கு

தாமிரபரணிக்குத் தென்கரையில் ஓர் ஊர். அங்கே ஒரு தச்சுப் பட்டறை. ஆசான் ஒரு பெண், வயது நாற்பத்திரண்டு. சீடர் ஓர் ஆண், வயது அறுபத்திரண்டு. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். ஊர் முதல் ஆறு மாதம் சிரித்துவிட்டு, அலுத்துப்போய் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஆசானின் பெயர் உலகம்மை. ஊருக்கு ஆசாரியம்மா. அவருடைய அப்பா இறந்தபோது, இனிப் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை உலகம்மை வந்து கதவைத் திறந்தார். அப்பா பாதியில் விட்டிருந்த வாசல் நிலையை எடுத்து வைத்து, அவர் நிறுத்திய இடத்திலிருந்தே உளியை ஓட்டினார். இன்றைக்கு அவரிடம் ஒரு வாசல் கதவு வேண்டுமென்றால் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். கை ஓடுகிற அளவுக்கு அவருக்கு வாய் ஓடாது. ஒன்றைக் கேட்டால் பதில் அன்றைக்கே வரும் என்று நம்பி உட்காரவும் கூடாது.

சீடர் கோமதிநாயகம் அதற்கு நேர் எதிர். முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதமே அவருக்கும் மனைவிக்கும் வீட்டில் உரசல் வந்துவிட்டது. அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு, கூட்டத்தை உள்ளே தள்ளிப் போகச் சொல்கிற அதே குரலில் சமையலுக்கு யோசனை சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்?

அந்தச் சமயத்தில் கட்டில் கால் ஒன்று ஆடியது. சாக்குக் கிடைத்தது என்று அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அரை மணி நேரத்தில் கால் சரியாகிவிட்டது. இவர் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் உலகம்மை ஒன்றும் கேட்காமல் இழைப்புளியை அவர் கையில் கொடுத்து ஒரு மாம்பலகையைக் காட்டினார்.

ஆறு மாதம் பலகை இழைத்தார். ஒரு வருடம் அறுக்கக் கற்றார். அப்புறம் உளி. ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று பழகிய கால் என்பதால், இழைக்கும்போது உடம்பு அசையாது. அதை மட்டும் உலகம்மை ஒருமுறை வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார். கோமதிநாயகம் அதை அந்த வாரம் முழுக்க எல்லாரிடமும் சொன்னார்.

கை கொஞ்சம் வசப்பட்டதும் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சொந்தமாக ஒரு மேசை போட்டுக்கொண்டு அஞ்சறைப்பெட்டி செய்யத் தொடங்கினார். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள் என்று ஐந்து அறை. மேலே தள்ளித் திறக்கிற மூடி. பட்டறையில் கதவும் சன்னலும் ஆசாரியம்மாவின் வேலை. பெட்டி என்னுடையது என்று ஒரு தனிப் பெருமை அவருக்கு. அதனால் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே இல்லை.

பெட்டியில் அவருக்குப் பிடித்தது மூடிதான். இரண்டு பக்கமும் பள்ளம் எடுத்து, அதற்குள் மூடியைச் செலுத்தினால் ஊசி முனைக்கு இடம் இருக்காது. அவ்வளவு கச்சிதம். வார்னிஷ் சீக்கிரம் காயட்டும் என்று சித்திரை வெயிலில்தான் செய்வார். செய்து முடித்ததும் கொடுத்துவிடுவார். கல்யாணம், பால்காய்ச்சு, காதுகுத்து, எதுவானாலும் மொய்க்கவருக்குப் பதில் ஒரு பெட்டி. வெறும் பெட்டி கொடுக்கக் கூடாது என்று உள்ளே ஒரு விரலி மஞ்சள் போட்டுக் கொடுப்பார்.

இப்படிப் பதினான்கு பெட்டிகள் ஊருக்குள் போயின. அவர் வீட்டில் ஒன்றுகூட இல்லை. எவர்சில்வர் டப்பாவே எனக்குப் போதும் என்று மனைவி சொல்லிவிட்டார்.

வாங்கியவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். கோவில் கொடையில், கல்யாணப் பந்தியில், கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் இவர் முதலில் கேட்பது பெட்டி எப்படி இருக்கிறது என்பதுதான். அவர்களும் தங்கம் என்பார்கள், பொக்கிஷம் என்பார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவருக்கோ ஊரே கூடிப் பொன் என்று சொல்லிவிட்டது.

இந்த நேரத்தில்தான் கனி பாய் வந்து சேர்ந்தார். ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். போன சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில், பரிசுச் சாமான்களுக்கு நடுவே பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று விசாரித்திருக்கிறார். இப்போது கடையின் முகப்பில் பாதியைத் தருகிறேன் என்கிறார். இவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பெட்டிகளை அடுக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வாளிக்காரர் ஒருவர் அந்த இடத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்.

கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மகள் கல்யாணம் போக மிச்சம் இருப்பது அந்த அட்வான்சுக்குத்தான் சரியாக இருக்கும். அது போனால் அப்புறம் கையில் ஒன்றும் இல்லை.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. விலை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், முன்பின் தெரியாத ஒருவன் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கீழே வைத்துவிட்டுப் போகலாம். மனிதர் யார் தெரியுமா? சில்லறை இல்லாதவனை நடுவழியில் இறக்கிவிடுவேன் என்று மிரட்டியவர். சொந்த மாமியாருக்கே டிக்கெட் கிழித்தவர். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு மரப்பெட்டிக்கு விலை சொல்ல நாக்கு வரவில்லை.

புதன்கிழமை காலை பட்டறைக்கு வந்தார். கார்த்திகை மழை நான்கு நாளாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆசாரியம்மா, ஒண்ணு கேக்கணும்."

உலகம்மை ஒரு கதவின் விளிம்பை இழைத்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் எல்லாவற்றையும் கொட்டினார். கனி பாய், பாதிக் கடை, வெள்ளிக்கிழமை, வாளிக்காரர், உங்கள் இஷ்டம் என்று மனைவி சொன்னது, எல்லாம். பயத்தை மட்டும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஆசையாகச் செய்கிற கைவேலையை விலை சொல்லி விற்பது கொஞ்சம் சின்னத்தனம் இல்லையா, கொடுக்கிற கைதானே உயர்ந்த கை என்று சொல்லி நிறுத்தினார். பயத்துக்கு ஒரு சலவைச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தால் அடையாளம் தெரியாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

"எத்தனை பெட்டி குடுத்திருக்கிய?" என்று கேட்டார் உலகம்மை.

"பதினாலு."

"எத்தனை திரும்பி வந்திருக்கு?"

"ஒண்ணுகூட வரலை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். உலகம்மை இழைப்புளியை நிறுத்தி, அதன் வாயில் சிக்கியிருந்த மரச்சுருளை விரலால் எடுத்துப் போட்டார்.

"ஒரு பெட்டிய வாங்கிட்டு வாங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கவா?"

"ஒரு நாளைக்கு."

"எந்த வீட்டுப் பெட்டிய?"

"நீங்க எதைக் கொண்டாந்தாலும் சரி."

அவ்வளவுதான். இழைப்புளி மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. கோமதிநாயகம் குடையையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் டிரைவர் சொள்ளமுத்து வீடு. இருபது வருடம் ஒரே வண்டியில் ஓடியவர்கள். இவர் விசில் கொடுக்காமல் அவர் வண்டியை எடுத்ததில்லை. ஆசாரியம்மா பார்க்க வேண்டும் என்கிறார், நாளைக்குத் திருப்பித் தருகிறேன் என்று கோமதிநாயகம் இழுத்து இழுத்துச் சொன்னார். சொள்ளமுத்து அதற்கென்ன என்று கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிப்போனார்.

கண்ணாடி அலமாரியில், விபத்தில்லாமல் ஓட்டியதற்குக் கொடுத்த பதக்கத்துக்கும் பேரன் படத்துக்கும் நடுவில் பெட்டி இருந்தது. ஒரு கீறல் இல்லை. இதில் போய் மசாலாச் சாமானைப் போட மனசு வருமா என்று சொள்ளமுத்துவின் மனைவி கேட்டார். கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தள்ளினார். நகரவில்லை. கட்டைவிரலை ஊன்றித் தள்ளினார். முழங்காலில் முட்டுக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று அந்த அம்மாள் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

"அது கிடக்கட்டும் கண்டக்டரே," என்றார் சொள்ளமுத்து. "அழகுக்குத்தானே."

பெட்டியை மெதுவாக எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம், அவசரமில்லை என்றும் சொன்னார். கோமதிநாயகம் அதைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். எத்தனை தடவை கேட்டிருப்போம், இந்த மனிதர் எத்தனை தடவை பொக்கிஷம் என்று சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டே நடந்தார். ஏதோ ஒரு பெட்டி அப்படி ஆகியிருக்கும் என்று தேற்றிக்கொண்டார். அடுத்த தெருவில்தான் தங்கை வீடு. அங்கேயும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

தங்கை பேச்சியம்மாள் வாசலிலேயே நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. நேராக அடுப்பங்கரைக்குள் போனார். இத்தனை வருடத்தில் அந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் அவர் போனதே இல்லை. மேடையில் வரிசையாகப் பழைய ஊறுகாய்ப் பாட்டில்கள். ஒன்றில் கடுகு, ஒன்றில் சீரகம். பெட்டியைக் காணோம்.

பத்திரமாகப் பரணில் வைத்திருக்கிறேன் என்றாள். எடு, ஆசாரியம்மா கேட்கிறார் என்றார். அவள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள்.

அவர் வாங்கியதும் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. ஆட்டிப் பார்த்தார். கடுகு.

ஐப்பசியில் முதல் மழைக்கே மூடி இறுகிவிட்டதாம். உள்ளே இருந்த கடுகும் வெந்தயமும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. புதுசாக வாங்கிப் பாட்டிலில் போட்டுக்கொண்டாள். மாசி பிறந்து வெயில் ஏறினால் தானாகத் திறக்கும். மூன்று வருடமாக இப்படித்தான். மழைக்காலத்தில் அவள் தாளிக்கும்போதெல்லாம், ஒங்க அண்ணன் கடுகைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிட்டாரு என்று அவள் புருஷன் கேலி பேசுவாராம். அதையும் சொல்லிவிட்டாள் பேச்சி. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்கு உறைத்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டார்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாப்பாங்க? நீ ஆசையா செஞ்சு கொண்டாந்த. எப்படி இருக்குன்னு நீ கேக்கும்போது ஒம் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வாய் வராது அண்ணே."

அவள் அழுதுவிட்டாள். கோமதிநாயகத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த வீட்டில் மூன்று வருடமாகத் தன்னை வைத்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு கோபம் போய், அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. தங்கை தலையில் கை வைத்து, அழாதே என்று சொல்லிவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார்.

மழை வலுத்தது. ஒரு கடையின் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது, அவ்வளவுதானே? பையில் இருக்கும் சொள்ளமுத்துவின் பெட்டியை இரண்டு மணி நேரம் அடுப்புப் பக்கம் வைத்தால் காய்ந்து மூடி திறந்துவிடும். புதுக்கருக்கு அழியாத பெட்டி. ஆசாரியம்மா பார்க்கட்டும். எதைக் கொண்டுவந்தாலும் சரி என்று அவர்தானே சொன்னார்?

நாள் முழுக்க அடுப்பு எரிகிற இடம் பக்கத்திலேயே இருந்தது. ஞானப்பூவின் மெஸ். இரண்டு வருடத்துக்கு முன் அவள் மெஸ் திறந்தபோது அங்கேயும் ஒரு பெட்டி கொடுத்திருந்தார். இப்போது அது அவருக்கு நினைவுக்கே வரவில்லை.

பின்பக்கமாகப் போய், ஞானப்பூ, ஒரு பெட்டியை அடுப்பு ஓரமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போனவர், கேட்காமலே நின்றுவிட்டார்.

அடுப்புக்குப் பக்கத்தில் அவருடைய பெட்டி இருந்தது. அடையாளம் கண்டுபிடிக்க அவருக்கே ஒரு நிமிடம் ஆயிற்று. மஞ்சளும் எண்ணெயும் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. ஒரு மூலை தீயில் கருகியிருந்தது. மூடியின் இரண்டு விளிம்பையும் யாரோ கன்னாபின்னாவென்று செதுக்கியிருந்தார்கள். ஞானப்பூ இடது கையால் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் வலது கையின் ஒரு விரலால் மூடியைத் தள்ளினாள். கடுகை அள்ளினாள். அதே விரலால் மூடினாள். ரசத்துக்கு மறுபடி தள்ளினாள், மூடினாள். மதியச் சாப்பாட்டு நேரம். அவர் நின்றிருந்த கொஞ்ச நேரத்தில் இருபது தடவையாவது அந்த மூடி போய்வந்திருக்கும்.

பெற்ற பிள்ளைக்கு யாரோ தாறுமாறாக முடி வெட்டிவிட்டதைப் பார்த்தது மாதிரி அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

"ஏன் ஞானப்பூ இப்படிக் கொத்தி வச்சிருக்க?"

"மழைக்கு இறுகிட்டு அண்ணாச்சி. அரிவாள்மணையில வச்சு ரெண்டு பக்கமும் சீவினேன். அப்புறம் தரையில போட்டுத் தேச்சேன். அப்பவும் கொஞ்சம் பிடிச்சுது, மெழுகுவத்தியத் தடவினேன். வேலை ஆகணும்லா."

மன்னிப்புக் கேட்கிற தொனி கொஞ்சமும் இல்லை. உட்காருங்கள், இலை போடுகிறேன் என்றாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். தை மாதம் மகளுக்குக் கல்யாணமாம். சீரோடு வைக்க இதே மாதிரி ஒரு பெட்டி வேண்டும், என்ன விலை என்று கேட்டாள்.

விலை என்ற சொல்லை முதன்முதலாக ஒருவர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் மனசுக்குள் ஒரு தொகை வந்தது. அது அதிகமோ என்று பட்டது. குறைத்தால் கேவலமோ என்று பட்டது.

"ஒங்கிட்ட போய் வெலையா? சும்மா செஞ்சு தாரேன்."

"சும்மான்னா வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் வேண்டாங்கிற?"

"சும்மா வந்தா நானே அரிவாள்மணையில சீவிக்கிடணும். காசு குடுத்தா ஒங்களைச் சீவச் சொல்லலாம்."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, ஆசாரியம்மாவிடம் காட்ட வேண்டும், இந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரத்துக்குக் கொடு என்று கேட்டார். ஞானப்பூ யோசித்தாள். காலையிலிருந்து கேட்ட மூன்று இடத்தில், பெட்டி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தவள் அவள் ஒருத்திதான். சாப்பாட்டுக் கூட்டம் முடியட்டும் என்றாள். முடிந்ததும் ஐந்து அறையில் இருந்ததையும் ஐந்து டம்ளரில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கொடுத்தாள். ஆறு மணிக்கு டிபன் வேலை தொடங்கும், அதற்குள் வந்தாக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பட்டறைக்குப் போகும் வழியில் பை கனத்தது. உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்று பளபளவென்று இருக்கிறது, திறக்காது. இன்னொன்று பார்க்கச் சகிக்காது. ஆசாரியம்மா எதிரில் வந்து நின்று பைக்குள் கையை விட்ட பிறகும் அவர் விரல்கள் இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டன. கடைசியில் மெஸ் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

உலகம்மை வேலையை நிறுத்தினார். பெட்டியைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். மூடியைத் தள்ளினார். இழுத்தார். முழுக்க வெளியே எடுத்து, செதுக்கிய விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். மறுபடி பள்ளத்தில் விட்டு, பக்கவாட்டில் இருந்த இடைவெளியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாரு சீவினது?"

"மெஸ் ஞானப்பூ. அரிவாள்மணையில."

"நல்ல கை. ஒரு நெல் கனம் இடம் விட்டிருக்காங்க. இவ்வளவுதான் விடணும்."

மூன்று வருடம் ஊசி முனைக்கு இடமில்லாமல் செய்ததைத்தான் கோமதிநாயகம் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லில் அது சரிந்தது. மழையில் மரம் உப்பும் என்பது அவருக்குத் தெரியாததா? இந்தப் பட்டறையில் அவர் கையாலேயே எத்தனை கதவுக்கு இடம் விட்டு இழைத்திருக்கிறார்! வாசல் கதவுக்குத் தெரிந்த சங்கதி, ஆசையாகச் செய்த பெட்டிக்கு மட்டும் மறந்துபோயிருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அலமாரிப் பெட்டியையும் கடுகுப் பெட்டியையும் சொன்னார். அடுப்பில் காய வைக்க நினைத்ததையும் மறைக்கவில்லை. ஞானப்பூ விலை கேட்டபோது வாய் வராமல் போனதைச் சொன்னார். காலையில் சொல்லாமல் விட்ட பயத்தையும் இப்போது சொல்லிவிட்டார். யாராவது வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் இத்தனை நாளும் சும்மாவே கொடுத்தேன், வேறு ஒரு தர்மமும் இல்லை என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அறுபத்திரண்டு வயதில் அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

உலகம்மை பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்த பிறகு கோமதிநாயகத்துக்கு மனசு கொஞ்சம் லேசானது. ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார். அடக்கமான முடிவு, ஆசாரியம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கனி பாயின் நம்பரைத் தேடி வைத்துக்கொண்டார்.

"கடை வேண்டாம்னு சொல்லிருதேன் ஆசாரியம்மா. விக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் வேலை வரலை. ரெண்டு மூணு வருசம் போகட்டும். அதுவரைக்கும் பழையபடி வேண்டியவங்களுக்குச் சும்மா குடுத்துக்கிட்டு இருக்கேன்."

சொல்லிவிட்டு உலகம்மையின் முகத்தைப் பார்த்தார்.

உலகம்மை பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"விக்கிறதுக்கு ஆகாததையா அண்ணாச்சி வேண்டியவங்களுக்குக் குடுக்கப் போறிய?"

கோமதிநாயகம் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு துணிப்பையிலிருந்து சொள்ளமுத்துவின் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்து, இழைப்புளிக்குக் கையை நீட்டினார்.